ஜிம்மி தின்ற கிஸ்மிஸும் அடுப்படிப் புளி ஜாடியும்

நோயாளியின் பெயர் ஜிம்மி. எங்கள் தெருவில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர், அதனால் யார் வீட்டு ஜிம்மி என்று கேட்பார்கள், இது திண்ணை வீட்டு ஜிம்மி. நாட்டு நாய், ஆண், 4 வயது, எடை 14 கிலோ. வருடாந்தரத் தடுப்பூசியைத் தவிர வேறெதற்கும் டாக்டரிடம் போனதில்லை. ஊர் கம்பம் பள்ளத்தாக்கு, வீட்டுக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் பன்னீர் திராட்சைப் பந்தல். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நடந்தது ஒரு புரட்டாசி சனிக்கிழமை மாலை. வீட்டில் புளியோதரையும் பாயசமும் ஆகிக்கொண்டிருந்தன. அம்மா 100 கிராம் கிஸ்மிஸ் பாக்கெட்டை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் ஜிம்மி மேடையில் கால் வைத்து எட்டிப் பாக்கெட்டைக் கீழே தள்ளி, கிழித்து, வேலையை முடித்திருக்கிறது. நான் உள்ளே போனபோது மணி 6:20. அம்மாவுக்குப் பாயசம் கெட்டுப்போன கவலை, எனக்குச் சிரிப்பு. நாய் கிஸ்மிஸ் தின்றால் என்ன ஆகிவிடப் போகிறது?

சிரித்துக்கொண்டேதான் போனில் தேடினேன். சிரிப்பு அதோடு நின்றது.

மிச்சமிருந்த கிஸ்மிஸை வீட்டுத் தராசில் வைத்தேன், 38 கிராம் காட்டியது. ஆக வயிற்றுக்குள் போனது 62 கிராம், நாயின் எடைக்குக் கணக்குப் போட்டால் கிலோவுக்கு சுமார் 4.4 கிராம். அன்று மாலை நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த எடை பார்த்ததுதான். மற்றதெல்லாம் பதற்றம்.

முதலில் போன் போட்ட இடத்தில் எடுத்தவர், "திராட்சைதானே சார், வயித்தால போயிரும், காலைல பாத்துக்கலாம்" என்றார். அவர் டாக்டரா உதவியாளரா என்று நான் கேட்கவில்லை, அது என் தப்பு. இதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் நேராகப் போனது புளியோதரைக்காக ஊறிக்கொண்டிருந்த புளிக் கிண்ணத்துக்கு. "தம்பி, இதைக் கரைச்சு ஒரு டம்ளர் ஊத்திவிடுப்பா, மொத்தமா வெளிய வந்துரும். மருந்து குடிச்ச மனுசனுக்கே அதுதான் ஊத்துவாங்க." பின்னாலிருந்து அம்மா, "உப்பும் சேர்த்துக் கரை" என்றார். நான் கிண்ணத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்து, இரண்டாவதாக முயற்சி செய்த டாக்டரம்மா திரும்ப அழைத்தார்.

அவர் கேட்டது மூன்றே கேள்வி. நாய் எத்தனை கிலோ, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு. எடையைச் சொன்னதும் ஒரு நொடி பேச்சில்லை. "எதையும் வாயில ஊத்தாதீங்க. உப்பு வேணாம், புளி வேணவே வேணாம். கிளம்பி வாங்க."

புளி வேணவே வேணாம் என்று அவர் ஏன் அத்தனை அழுத்திச் சொன்னார் என்பது அன்றைக்குப் புரியவில்லை. உப்பு ஏன் கூடாது என்பது வழியிலேயே தெரிந்துவிட்டது: வாந்தி வரவில்லையென்றால் அந்த உப்பு முழுக்க ரத்தத்தில் ஏறும், ரத்தத்தில் சோடியம் திடீரென்று கூடினால் நாய்க்கு வலிப்புவரை போகும்.

7:35-க்கு மேசையில் ஏற்றினோம். வாந்திக்கான மருந்து கொடுத்துப் பத்து நிமிடம் இருக்கும், ஜிம்மி முதுகை வளைத்து இரண்டு தடவை எடுத்தது. எஃகுத் தட்டில் விழுந்த கிஸ்மிஸ் ஒவ்வொன்றும் ஊறி உப்பி, ஒன்றுகூட மெல்லப்படாமல், பாயசத்தில் மிதக்குமே அதே மாதிரி இருந்தது. டாக்டரம்மா கையுறையோடு எண்ணச் சொன்னார், நான் எண்ணினேன். எழுபத்தெட்டு. அப்புறம் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த 38 கிராமில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், எழுபத்து நாலு. அந்தக் கணக்குப்படி ஜிம்மி தின்றது 120-க்குப் பக்கம், மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்திருக்கிறது. மீதி எங்கே போனது என்பதுதான் அடுத்த மூன்று நாள் பேச்சு.

வாந்தியை நிறுத்த ஒரு ஊசி, உடனே ரத்தப் பரிசோதனை, அப்புறம் நரம்பு வழியாக டிரிப். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அன்று 1.0, மறுநாள் மாலை 1.2, மூன்றாம் நாள் 1.1, நாலாம் நாளும் 1.1. நாய்க்கு இதெல்லாம் இயல்பான அளவு. 48 மணி நேரம் டிரிப், நடுவில் வராந்தாவில் நடக்கவிட்டு எத்தனை தடவை சிறுநீர் போகிறது, எவ்வளவு போகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, சிறுநீர்க் கணக்குக்காக நான் எழுதிய ஒரே நோட்டு. மருத்துவமாகப் பார்த்தால் கேஸ் அங்கேயே முடிந்தது: சிறுநீரகம் தப்பித்தது, ஜிம்மி ஐந்தாம் நாள் பூனை துரத்தியது.

எனக்குத்தான் முடியவில்லை. அந்தப் புளி விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது.

இருபது வருடம் பிடிபடாத விஷம்

நாய்க்குத் திராட்சை ஆகாது என்பது மருத்துவ உலகுக்கே சமீபத்தில்தான் தெரிந்தது என்றால் நம்புவீர்களா? சாக்லேட்டும் வெங்காயமும் பழைய செய்தி. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கின்றன என்று ஒரு கடிதம் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது 2001-இல். எழுதியவர்கள் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குநல அமைப்பு இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் நடத்தும் நச்சு உதவி மையத்துக்காரர்கள். செல்லப்பிராணி எதையாவது தின்றுவிட்டால் நாடு முழுவதிலிருந்தும் அந்த மையத்துக்குப் போன் வரும், ஒவ்வொரு அழைப்பையும் அவர்கள் பதிவு செய்து வைப்பார்கள். தனித்தனி ஊரில் தனித்தனி டாக்டரிடம் ஒவ்வொரு நாயாகச் செத்துக்கொண்டிருந்தவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாப் பதிவையும் ஒரே இடத்தில் அடுக்கிப் பார்த்தபோதுதான் திராட்சை, திராட்சை, உலர் திராட்சை என்று வரிசையாகத் தெரிந்திருக்கிறது.

2005-இல் இன்னொரு கட்டுரை வந்தது. 1992 முதல் 2002 வரை திராட்சை அல்லது உலர் திராட்சை தின்று சிறுநீரகம் செயலிழந்த 43 நாய்களின் கதை அது. எல்லாமே வாந்தி எடுத்தவை. 43-இல் 23 பிழைத்தன. இதைத் திராட்சை தின்றால் பாதி நாய் சாகும் என்று சிலர் பரப்புகிறார்கள், அது சரியான வாசிப்பு அல்ல: அந்த 43-ம் ஏற்கெனவே சிறுநீரகம் படுத்துவிட்ட நாய்கள், தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் வாலாட்டிக்கொண்டு போன நாய்கள் இந்தக் கணக்கிலேயே வராது. அந்தத் தொகுப்பில் பாதிப்பு வந்த மிகக் குறைந்த அளவு, உலர் திராட்சை என்றால் கிலோவுக்கு 3 கிராமுக்கும் கீழே. ஜிம்மி 4.4. டாக்டரம்மா போனில் ஏன் ஒரு நொடி பேசாமல் இருந்தார் என்பது அந்த எண்ணைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சரி, ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் திராட்சையில் இருக்கும் எது ஆகாது? அங்கேதான் இருபது வருடம் எல்லோரும் முட்டிக்கொண்டார்கள். பூச்சிமருந்தா என்றால், மருந்தே அடிக்காத வீட்டுக் கொடியில் காய்த்ததைத் தின்ற நாய்க்கும் வந்தது. பூஞ்சை நச்சா, உலோகமா என்று சோதித்தார்கள், எதுவும் நிற்கவில்லை. சில நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறியதால் வைட்டமின் டி மீது சந்தேகம் போனது, அதுவும் இல்லை. இதைவிடக் குழப்பம், ஒரு நாய் ஒரு குலையே தின்றுவிட்டு நன்றாக இருக்கும், இன்னொன்று ஒரு கைப்பிடியில் படுத்துவிடும். விஷம் என்றால் இவ்வளவு தின்றால் இவ்வளவு பாதிப்பு என்று ஒரு ஒழுங்கு இருக்க வேண்டாமா? இதற்கு அந்த ஒழுங்கே இல்லாமல் இருந்தது.

எங்கள் ஊரில் இது இன்னும் சிக்கல். பந்தலுக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைத் தின்றே வளரும் தோட்டத்து நாய்கள் இங்கே உண்டு. ஜிம்மி கதையைச் சொன்னதும் தோட்டத்து மாமா ஒருவர், "எங்க கருப்பன் பத்து வருசமா பழம் திங்குதுப்பா, உங்க டாக்டரை வந்து பாக்கச் சொல்லு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்குப் பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் விளையாடும் மாவு

முடிச்சு அவிழ்ந்தது திராட்சையிலிருந்து அல்ல. வீட்டிலேயே செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாயிடமிருந்து.

அமெரிக்க வீடுகளில் மைதா, உப்பு, தண்ணீர், எண்ணெய், கலர் எல்லாம் போட்டுக் கிளறி, குழந்தைகள் உருட்டி விளையாட மாவு செய்வார்கள். நாய் அதைத் தின்றால் வழக்கமாகப் பயப்படுவது உப்புக்காக. ஆனால் அந்த நாய்க்கு வந்தது வேறு: கடும் வாந்தி, ரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் தாறுமாறாக ஏற்றம், அதாவது அப்படியே திராட்சை தின்ற நாயின் ஜாதகம். நச்சு மையத்தின் கோலெட் வெகனாஸ்ட்டும் அவரோடு வேலை செய்பவர்களும் அந்த மாவின் செய்முறையை ஒவ்வொரு பொருளாகப் பார்த்திருக்கிறார்கள். மைதா இல்லை, எண்ணெய் இல்லை. கடைசியில் நின்றது கிரீம் ஆஃப் டார்டர். மாவு மிருதுவாக இருக்க ஒன்றிரண்டு கரண்டி போடும் வெள்ளைப் பொடி, கேக்குக்கும் போடுவார்கள். அது வேறெங்கிருந்தும் வருவதல்ல, திராட்சை மது புளிக்கும் பீப்பாயின் சுவரில் படியும் படிகத்தைச் சுத்தம் செய்து எடுப்பது. வேதியியலில் பொட்டாசியம் பைடார்ட்ரேட், டார்டாரிக் அமிலத்தின் உப்பு.

டார்டாரிக் அமிலம். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் ஒரு அட்டவணை வரும், ஞாபகமிருக்கிறதா? எலுமிச்சையில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக், தயிரில் லாக்டிக், திராட்சையில் டார்டாரிக். மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியிருப்போம். திராட்சைக்கு நேராக அந்தப் பெயர் அத்தனை வருடமும் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. 1940-களில் நாய்களுக்கு நாள் தவறாமல் டார்டாரிக் அமிலம் கொடுத்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வில் ஒரு நாய் சிறுநீரகம் கெட்டுச் செத்தும் இருக்கிறது. யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. மனிதன் தாராளமாகச் சாப்பிடும் அமிலம், உணவில் சேர்க்க அனுமதி உள்ளது, அதை யார் சந்தேகப்படுவார்?

2021-இல் வெகனாஸ்ட் குழுவினர் அதே கால்நடை மருத்துவச் சங்க இதழில் கடிதம் எழுதினார்கள், நாயைப் படுத்துவது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று. 2022-இல் கேஸ் தொகுப்பு வந்தது, மொத்தம் எட்டு நாய். ஆறு, கிரீம் ஆஃப் டார்டர் தின்றவை. மீதி இரண்டு தின்றது புளி. நாம் சாம்பாருக்குக் கரைக்கும் அதே புளி.

அந்த வரியைப் படித்தபோது நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன். அன்று கையில் எடுத்த கிண்ணம் கண்ணில் வந்தது. 62 கிராம் கிஸ்மிஸ் தின்ற நாய்க்கு முதலுதவி என்று அதே அமிலத்தை டம்ளரில் ஊற்றியிருப்பேன். அதுவும் எப்பேர்ப்பட்ட அளவில்: திராட்சையில் டார்டாரிக் அமிலம் ரகத்தையும் பக்குவத்தையும் பொறுத்துப் பொதுவாக 2 சதவீதத்துக்குள் நிற்கும், புளிச் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை. பழங்களில் இதற்கு மேல் இந்த அமிலத்தில் புளியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றே சொல்லலாம். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். விஷம் குடித்தவருக்குப் புளிக்கரைசல், சாணிக்கரைசல், சோப்புத் தண்ணீர் என்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஊர் இது, மனிதருக்கே அதெல்லாம் கூடாது என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்லியும் போகவில்லை.

தோட்டத்து மாமாவுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. காயாக இருக்கும்போது புளிப்பு ஏறி நிற்கும், பழுத்துச் சாறு கட்டக் கட்ட அமிலத்தின் செறிவு குறையும். கருப்பன் தின்றது நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழம், அதுவும் ஒன்றிரண்டாக. கிஸ்மிஸ் என்றால் தண்ணீர் போய் அமிலமும் சேர்ந்து செறிந்தது. ரகம் மாறினால், விளைந்த மண்ணும் வெயிலும் மாறினால் அளவு மாறும். எத்தனை பழம் என்று எண்ணிப் பார்த்தவரை ஒழுங்கு கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான், எண்ண வேண்டியது பழத்தை அல்ல. மாமாவிடம் சொன்னேன். "அப்ப பழுத்தது திங்கலாம்ல" என்றார். அப்படிச் சொல்ல முடியாது மாமா, எந்தப் பழத்தில் எவ்வளவு என்று பார்த்தால் தெரியாதே என்றேன். அவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் மிச்சமிருந்த கேள்வி, நமக்கு ஒன்றும் செய்யாதது நாய்க்கு மட்டும் ஏன் விஷம்? இதற்கு 2023-இல் வந்த ஒரு ஆய்வு நல்ல விடை தருகிறது. சிறுநீரகத்தில் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன, அவற்றின் சுவரிலுள்ள செல்கள் ரத்தத்திலிருந்து இந்த மாதிரி அமிலங்களை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் சிறுநீருக்குள் தள்ளும். வாங்குவதற்கு ஒரு வாசல், தள்ளுவதற்கு ஒரு வாசல். மனிதச் செல்லில் தள்ளும் பக்கத்தில் ஓ.ஏ.டி.-4 என்ற ஒரு புரதம் கொல்லைக் கதவு மாதிரி வேலை செய்கிறது. நாய்க்கு அந்தக் கதவு கிடையாது. முன்வாசலில் அமிலம் நுழைந்துகொண்டே இருக்கும், வெளியேற வழியில்லாமல் செல்லுக்குள்ளேயே சேர்ந்து அதைக் கொன்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் நாயின் சிறுநீரகச் செல்களில் டார்டாரிக் அமிலத்தை விட்டார்கள், செத்தன. மனிதனுடைய செல்கள் அசரவில்லை. முன்வாசலை மருந்தால் அடைத்தால் நாய்ச் செல் பிழைத்தது. மனிதனின் அந்தக் கொல்லைக் கதவை நாய்ச் செல்லில் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள், அப்போதும் பிழைத்தது. இதெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது, உயிருள்ள நாயில் அல்ல, அதை மறக்கக்கூடாது. ஆனாலும் எட்டு நாய்க் கேஸையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் பெரிதாக இல்லை.

எலுமிச்சை அளவு புளி

இதற்கப்புறம் நான் செய்ததை வீட்டில் கிறுக்குத்தனம் என்றார்கள். அம்மா சாம்பாருக்கு எடுக்கும் எலுமிச்சை அளவு புளியை அவரே உருட்டித் தரச் சொல்லித் தராசில் வைத்தேன். 28 கிராம். அதில் அமிலம் தோராயமாக 2 முதல் 5 கிராம் வரை. அது ஒன்றரை லிட்டர் சாம்பாரில் கரைகிறது, ஜிம்மி தட்டுக்குப் போவது இரண்டு கரண்டி, 200 மில்லி என்று வைத்தால் கால் கிராமுக்கு மேலிருந்து முக்கால் கிராமுக்குள். கொதித்தால் அமிலம் போய்விடாதா என்று அம்மா கேட்டார், போகாது. புளியோதரைக்கு அரைப்படி அரிசிக்கு 100 கிராம் புளி போடுகிறார், ஒரு தட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 1 முதல் 2 கிராம் வரை வருகிறது, சாம்பார் சாதத்தைப்போல மூன்று மடங்கு. அன்று கரைத்து ஊற்றச் சொன்னார்களே, அந்தக் கிண்ணத்தில் ஊறியது மொத்தமும் அந்த 100 கிராம்தான்.

இதை வைத்துச் சாம்பார் சாதம் நாயைக் கொல்லும் என்று நான் எழுதினால் அது பச்சைப் பொய். தமிழ்நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சாம்பார் சோற்றில் வளர்ந்தவைதான், இத்தனை மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று கோடு யாரும் கிழித்தும் கொடுக்கவில்லை. என் தீர்மானம் இவ்வளவுதான்: ஊறுகாய், புளிக்காய்ச்சல், புளியோதரை, புளி மிட்டாய், மரத்தடியில் விழுந்த புளியம்பழம், இவை நாய்க்குக் கிடையவே கிடையாது. குழம்புச் சாதம் நாய் கேட்காவிட்டால் நாமாகப் போட வேண்டியதில்லை. இன்னொன்று, பாயசம், கேசரி, லட்டு என்று விசேஷ நாளில் மிச்சமாகும் இனிப்பு எதிலும் கிஸ்மிஸ் இல்லாமல் இருக்காது. திருப்பதி லட்டு உட்பட. பிரசாதம்தானே என்று பிட்டுப் போடுகிற கை நம் வீட்டிலேயே இருக்கும்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், நாய்க்கு ஆகாதவை என்று தமிழில் சுற்றும் பட்டியல்கள். எல்லாவற்றிலும் மகடாமியா கொட்டை இருக்கிறது. தேனியில் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, அதைத் தின்ற நாய் பின்னங்கால் தள்ளாடிவிட்டு ஓரிரு நாளில் தானாகத் தேறிவிடும் என்பதுதான் மருத்துவக் குறிப்பும். அவகாடோவும் இருக்கும், அது பறவைக்கும் ஆட்டுக்கும்தான் பெரிய ஆபத்து, நாய் அதில் ஓரளவு தாங்கும், கொட்டையை விழுங்கினால் குடல் அடைக்கும் என்பது வேறு. புளி மட்டும் இருக்காது. யாரோ அவர்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்து எழுதியதை நாம் பெயர்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் அடுப்படியைப் பார்த்து எழுதினால் புளிக்கு அடுத்து நிற்பது வெங்காயம். அதன் ஆபத்து ஏன் நமக்குப் பிடிபடுவதில்லை என்றால், அது அன்றைக்கே காட்டாது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், மூன்று நாலு நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை எல்லோரும் மறந்திருப்போம். உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் தின்றால் பாதிப்பு நிச்சயம் என்று வைத்துக்கொள்கிறார்கள், ஜிம்மிக்கு அது 70 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடித்தாலும் அந்தக் குணம் மாறாது. தினம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் வேலை செய்யும். பூண்டு அதே குடும்பம், எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் காரியம் பெரிது. பிரியாணி எலும்பைத்தான் எல்லோரும் பயப்படுவார்கள், வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும் என்பதும் உண்மைதான், ஆனால் எலும்பைப் பொறுக்கிவிட்டு மசாலாவோடு சோற்றைப் போடுவதில் அர்த்தமில்லை.

சாக்லேட் எல்லோருக்கும் தெரியும், தெரியாதது அளவு. அதிலுள்ள தியோபுரோமினைக் கரைத்து வெளியேற்ற நாய்க்கு வெகுநேரம் பிடிக்கும், ரத்தத்தில் பாதியாகவே சுமார் 17 மணி நேரம். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் படபடப்பும் வாந்தியும் ஆரம்பிக்கும், 40, 50-இல் இதயத்துடிப்பு தடம் மாறும், 60-ஐத் தொட்டால் வலிப்பு. பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு 2 மில்லிகிராம் போல, கறுப்புச் சாக்லேட்டில் 5 போல இருக்கும். பேத்தி போட்ட ஒரு துண்டு பால் சாக்லேட்டுக்கு 14 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி ஓட வேண்டாம், கேக் செய்ய வாங்கிய கோகோ பவுடர் டப்பாவைக் கவிழ்த்து நக்கினால் ஓட வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் நான் உண்மையில் பயப்படுவது சைலிடாலுக்கு. சர்க்கரையில்லாத சூயிங்கம், சில பற்பசை, வாய் மணக்கப் போடும் மிட்டாய் இவற்றில் வரும் இனிப்பு. நாயின் கணையம் இதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டும், அரை மணி ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி நாய் தள்ளாடி விழும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் போகலாம். சர்க்கரை நோயாளிகள் வாங்கும் இனிப்பு எல்லாம் சைலிடால் அல்ல, அட்டையில் பெயரைப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

கேஸைத் திரும்பப் பார்த்தால்

ஜிம்மி பிழைத்ததில் எங்கள் சாமர்த்தியம் குறைவு. கிஸ்மிஸ் வயிற்றில் லேசில் கரைவதில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் அப்படியே உட்கார்ந்திருந்தது, அதனால் வாந்தியில் வந்தது. காலைல பாத்துக்கலாம் என்று சொன்னவரை நம்பியிருந்தால் இரவில் வாந்தி, மறுநாள் சோர்வு, அப்புறம் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் படுப்பது என்று வழக்கமான வரிசையில் போயிருக்கலாம். சிறுநீர் நின்றுபோன கட்டத்துக்கு வந்துவிட்டால் டிரிப் மட்டும் போதாது, டயாலிசிஸ் வேண்டும். நாய்க்கு டயாலிசிஸ் செய்யும் வசதி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது, ஆனால் கம்பத்திலிருந்து வேப்பேரிக்கு ஒரு இரவு முழுக்கப் போக வேண்டும், அந்த நிலையில் ஒரு நாயை வைத்துக்கொண்டு.

நான் சொதப்பியது இரண்டு இடம். சிரித்துக்கொண்டு நின்ற முதல் கால் மணி நேரம் ஒன்று, புளிக் கிண்ணத்தை எடுத்தது இன்னொன்று. சரியாகச் செய்தது தராசும், கிழிந்த பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோனதும்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் புளி விஷயத்தைக் கேட்டேன். அவருக்கு அந்தக் கட்டுரைகள் தெரிந்திருந்தன. "புளி தின்னுச்சுன்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்களே, புளியெல்லாம் சாப்பாடுதானே, நாம கேட்டாத்தான் சொல்வாங்க. இப்ப கிட்னி கேஸ் வந்தா கேக்குறேன்" என்றார்.

அம்மா இப்போது சாதம் வடித்ததும் ஜிம்மிக்கு முதலில் எடுத்து, முட்டையோ தயிரோ பிசைந்து தனியாக வைத்துவிடுகிறார். "உப்பு புளி இல்லாம அது எப்படிடா திங்கும்" என்று ஒரு வாரம் புலம்பினார், அது தட்டைத் தரையோடு தேய்த்து நக்கியது. இதில் எனக்கே தெரியாமல் இருந்த ஒன்று, ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையை அவர் பல வருடமாகக் கொல்லையில் வாழைமரத்தடியில்தான் வீசிக்கொண்டிருந்திருக்கிறார், ஜிம்மி மத்தியானம் படுக்கிற இடம். இப்போது மூடி போட்ட வாளி. பதினொரு மணிக்கு அவர் சக்கையைப் பிழிகிற சத்தம் கேட்டால் ஜிம்மி எழுந்து போய் அந்த வாளிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.